பெற்றவளுக்குத் துணை யார்?

ஒரு மஹல்லாவில் மரணம் நேர்ந்துவிட்டால் அடுத்த சில மணி நேரத்தில் என்னென்ன நடைபெறும் என்பதை வாசக நேயர்கள் நன்கறிவார்கள். பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்யப்படுகிறது. சந்தூக் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. கபன் துணி வெட்ட ஒருவர், கபுறு தோண்ட இருவர் என்று அழைக்காமலே ஆட்கள் வந்து நிற்கிறார்கள். இறந்தவர் பெண்ணாயின், மையித்தைக் குளிப்பாட்டுவதற்குச் சட்டதிட்டம் அறிந்த மூதாட்டியர் இருவரோ மூவரோ அந்த ஊரிலேயே இருப்பார்கள். அந்த வீட்டில் அடுப்பு மூட்டத் தேவையில்லாதபடி அண்டை வீட்டார் உணவு அனுப்புகிறார்கள். ஊரில் ஒருவரும் செய்யாவிட்டால் ஊர் முழுவதையும் குற்றம் சாரும் கூட்டுக் கடமை இது. ஃபர்ளு கிஃபாயா என்று நூல்கள் கூறும். நம் முன்னோர் இதனைச் செவ்வனே அமைத்துத் தந்துவிட்டுச் சென்றிருக்கிறார்கள்.

அதே மஹல்லாவில் ஒரு குழந்தை பிறந்தால் என்ன நடக்கிறது? பிள்ளையின் காதில் பாங்கு சொல்லப்படுகிறது. இனிப்பு வழங்கப்படுகிறது. ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டி, உற்றார் உறவினரை அழைத்து உணவளிக்கிறோம். நல்லது. ஆனால் அந்த ஏழு நாட்களிலும், அதன்பின் வரும் முப்பத்து மூன்று நாட்களிலும், பெற்றவளுக்கு ஒரு வாய் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் யார்? இரவு மூன்று மணிக்குப் பிள்ளை அழுதபோது எடுத்து அணைத்து, அவளை ஒரு மணி நேரம் உறங்கவிட்டவர் யார்? தையல் போட்ட வயிற்றோடு குனிந்து துணி அலசியவர் யார்? அவளேதான் என்பது இன்று பல வீடுகளில் விடையாக இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமையில் அதைப்பற்றித்தான் நேயர்களோடு பேச விரும்புகிறேன்.

நம் கரிசல் சீமையில் இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் இடமே இருந்ததில்லை. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வரையிலும், ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி வரையிலும் பரந்து கிடக்கும் இந்த வானம் பார்த்த பூமியில், செல்வம் குறைவு. தண்ணீர் அதனினும் குறைவு. ஆயினும் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வாள். மருத்துவச்சி பேறு பார்ப்பாள். பேறு பார்த்ததோடு அவள் வேலை முடிந்துவிடாது. நாள்தோறும் வந்து பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்து நீராட்டுவாள். தாய்க்கு வெந்நீர் ஊற்றுவாள். வயிற்றைச் சுற்றித் துணி கட்டிவிடுவாள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் இடித்துக் கருப்பட்டி சேர்த்துக் கிண்டிய மருந்து ஒரு பக்கம். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பூண்டும் ஒரு பக்கம். கடற்கரைப் பக்கத்து வீடுகளாயின் பால்சுறாப் புட்டு. நாற்பது நாட்கள் அவள் ஒரு குடம் தண்ணீர் தூக்கமாட்டாள். இந்த மண்ணின் பேச்சையும் வழக்கத்தையும் எழுதிவைத்த இடைசெவல் கி. ராஜநாராயணன், 1982 ஆம் ஆண்டில் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். பல வீட்டு வழக்கங்கள் இன்று அத்தகைய ஏடுகளில்தான் வாழ்கின்றன.

பாஞ்சாலங்குறிச்சி என்றவுடன் நமக்குக் கட்டபொம்மன் நினைவு வரும். பீரங்கி நினைவு வரும். அந்த மண்ணிலேயே பணிவிடையின் வரலாறும் ஒன்று உண்டு. 1801 ஆம் ஆண்டு மே மாதத்தில் கோட்டை இரண்டாம் முறை வீழ்ந்தபோது, காயமுற்றுக் கிடந்த தன் மகனைத் தேடிச் சென்ற ஒரு தாய், அவன் வேண்டுகோளின்படி அருகே குற்றுயிராய்க் கிடந்த ஊமைத்துரையைத் தூக்கிச் சென்று, தேடி வந்த பகைவரிடம் அம்மை கண்டவன் என்று காட்டி மறைத்துக் காப்பாற்றினாள் என்பதை, எதிர்த்தரப்பில் போரிட்ட வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரியே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவள் பெயரை அவர் எழுதவில்லை. வீட்டுக்குள் நடக்கும் பணிவிடைக்கு எந்தக் காலத்திலும் பெயர் கிடைத்ததில்லை போலும்!

இன்றைய நிலைக்கு வருவோம். மருத்துவச்சி மறைந்துவிட்டாள். அவள் மறைந்ததற்காக நாம் கண்ணீர் விடத் தேவையில்லை. துருப்பிடித்த கத்தியால் கொடி அறுத்த கதைகளும் அவளோடு சேர்ந்தவைதாம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு 99.6 பேறுகள் மருத்துவமனைகளிலேயே நடைபெறுகின்றன. இது பெரும் பேறு. எத்தனையோ தாய்மார்களின் உயிர் இதனால் காக்கப்பட்டிருக்கிறது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேறுகள் அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தவை. அதாவது வீடு திரும்பும் தாய்மாரில் இருவருக்கு ஒருவர் என்று சொல்லத்தக்க அளவில் வயிற்றில் பெருங்காயத்தோடு திரும்புகிறார்கள். வேறு எந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரையும் நாம் படுக்கையில் வைத்துப் பார்ப்போம். இவளிடம் மட்டும், காயம் ஆறுமுன்னரே, இரவு பகல் பாராது விழித்திருக்கவேண்டிய ஒரு சிறு உயிரையும் ஒப்படைத்துவிடுகிறோம்.

தாய்வீடும் முன்போல் இல்லை. முன்பு ஐந்து பெண்மக்கள் இருந்த வீட்டில் இன்று ஒருத்திதான். ராத்தாவோ தங்கையோ துணைக்கு இல்லை. உம்மாவோ தீப்பெட்டி ஆலைக்குப் போகிறாள். அல்லது வீட்டிலேயே கூலிக்குப் பெட்டி ஒட்டுகிறாள். வேலை செய்யாத நாளுக்குக் கூலி இல்லை என்பது அத்தொழிலின் விதி. பிள்ளையின் வாப்பா வளைகுடாவில் இருக்கிறார். கைபேசித் திரையில் மகவின் முகம் பார்த்து மகிழ்கிறார். காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் மணமான பின்னும் பெண் தாய்வீட்டிலேயே வாழும் வழக்கம் இருப்பதால் அங்கே இந்தக் குறை சற்றுக் குறைவு. உள்நாட்டுக் கரிசல் ஊர்களில், ஐந்தும் பத்துமாகச் சிதறி வாழும் நம் குடும்பங்களில், மருமகளாய் வந்தவள் பெரும்பாலும் தனியே இருக்கிறாள்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று கூறினால் அது நன்றி கொன்றதாகும். 1987 ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் தொடங்கிய பேறுகால உதவி, 2006 இல் 6,000 ரூபாய், 2011 இல் 12,000 ரூபாய், 2018 இல் 18,000 ரூபாய் என்று வளர்ந்தது. மருத்துவமனையிலிருந்து தாயையும் சேயையும் இல்லம் சேர்க்க இலவச ஊர்தி வருகிறது. கிராம சுகாதார செவிலியர் வந்து பார்க்கிறார். ஆனால் பல ஊர்களுக்குப் பொறுப்பான ஒரு செவிலியர் வந்து கால் மணி நேரம் இருப்பார். அரிசி களைந்து உலையில் போடமாட்டார். அது அவர் வேலையும் அன்று. ஊர்தி வாசலில் இறக்கிவிட்டுப் போன பின்பு கதவுக்குள்ளே நடப்பது உறவினருக்கும் ஊராருக்கும் உரிய பொறுப்பு.

இந்தப் பொறுப்பைப் பற்றி நம் மார்க்கம் என்ன சொல்கிறது?

திருமறையின் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் மர்யம் (அலை) அவர்கள் தனித்துப் பேறு கண்ட வரலாறு வருகிறது. பேற்று வேதனையில் பேரீச்ச மரத்தடியில் சாய்ந்து, இதற்கு முன்பே இறந்திருக்கக்கூடாதா என்று கலங்கி நின்ற அந்தத் தாய்க்கு வல்ல அல்லாஹ் முதலில் அளித்தவை எவை என்பதைக் கவனியுங்கள். கவலைப்படாதே என்னும் ஆறுதல், காலடியில் நீர், தலைக்கு மேலே கனிந்த பழம், உண்டு பருகிக் கண்குளிர்ந்திருக்கும்படிக் கட்டளை. ஊராரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சுமையையும் அவர்கள் தலையிலிருந்து இறக்கி, அன்று யாரோடும் பேசவேண்டாம் என்று சொல்லப்படுகிறது. இன்றைய மருத்துவ நூல்கள் பேற்றுக்குப்பின் தாய்க்கு வேண்டியவை என்று எழுதுவனவெல்லாம் இந்தச் சில வசனங்களில் அடங்கியிருக்கக் காணலாம். பிள்ளை பார்க்க வருகிறோம் என்று கூட்டமாய்ச் சென்று, பெற்றவளை எழுப்பி உட்காரவைத்து, பிள்ளை யார் சாயல் என்று விவாதம் செய்யும் நம் உறவினர்கள் அந்தக் கடைசிக் குறிப்பையேனும் மனத்தில் கொள்ளலாம்.

அடுத்து கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாறு. ஓர் இரவு நகர்ச்சுற்று வந்தபோது, மதீனாவின் எல்லையில் புதிதாய் முளைத்த ஒரு கூடாரத்தையும், வெளியே கலங்கி அமர்ந்திருந்த ஒரு கிராமவாசியையும் கண்டார்கள். உள்ளிருந்து பெண்ணின் முனகல் ஒலி. பேற்று வேதனை; உடன் ஒரு பெண்ணும் இல்லை. உமர் (ரலி) விரைந்து இல்லம் திரும்பினார்கள். தம் துணைவியாரும், அலீ (ரலி) அவர்களின் மகளாருமான உம்மு குல்தூம் அவர்களை எழுப்பினார்கள். அம்மையார் பிள்ளைக்கு வேண்டிய துணியும் எண்ணெயும் எடுத்துக்கொண்டார்; கலீஃபா மாவும் நெய்யும் பானையும் சுமந்துகொண்டார்கள். அம்மையார் கூடாரத்துக்குள் சென்றார். வெளியே, பேரரசுகளை வென்ற ஆட்சியின் தலைவர், அந்தக் கிராமவாசியின் எதிரே குந்தி அமர்ந்து அடுப்பு ஊதினார்கள். புகை அவர்களின் தாடியினூடே சென்றது. பிள்ளை பிறந்ததும் உள்ளிருந்து, அமீருல் மூமினீன், உங்கள் தோழருக்கு ஆண் பிள்ளை என்று குரல் வந்தபோதுதான், தன் எதிரே அடுப்பு ஊதியவர் யார் என்று அந்த மனிதனுக்குத் தெரிந்தது. சமைத்த உணவு முதலில் உள்ளே சென்றது; பெற்றவள் உண்ட பின்னரே கணவனுக்கு. மறுநாள் வந்து உதவி பெற்றுக்கொள்ளும்படியும் கூறிச் சென்றார்கள்.

இவ்வரலாற்றை நம் மேடைகளில் ஆட்சியாளரின் எளிமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். அது சரியே. ஆயினும் என் கருத்தில், இதில் நாம் கவனியாமல் விட்டுவிடும் பாத்திரம் உம்மு குல்தூம் அம்மையாரே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பேத்தி, கலீஃபாவின் மனைவி, முன்பின் அறியாத ஒரு கிராமத்துப் பெண்ணின் பேற்றுக்குத் துணை நின்றார். அடுத்து, சமையல் செய்தவர் ஆண் என்பதையும் கவனிக்கலாம். பேறுகால வீட்டில் ஆண்மகனுக்கு என்ன வேலை என்று கேட்கும் சகோதரர்களுக்கு, அடுப்பிலே நிறைய வேலை இருக்கிறது என்பதே விடை.

அதே உமர் (ரலி) அவர்கள், பால்குடி மறந்த பிள்ளைகளுக்கு மட்டுமே பொது நிதியிலிருந்து உதவித்தொகை என்று முதலில் வகுத்திருந்தார்கள். அந்தத் தொகைக்காக ஒரு தாய் தன் பிள்ளையைக் காலத்துக்கு முன்பே பால் மறக்கடிக்க முயன்று, அது விடிய விடிய அழுததைக் கேட்டபின், தம் சட்டம் எத்தனை பிள்ளைகளை வாட்டியதோ என்று தொழுகையிலேயே அழுது, பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறந்த நாளிலிருந்தே உதவி என்று மாற்றி அறிவித்தார்கள் என வரலாறு கூறும். தாயின் நிலை அறியாமல் வகுக்கும் விதி எவ்வளவு நல்லெண்ணத்தோடு வகுத்ததாயினும் தீங்காகலாம் என்பதை அவர்கள் உணர்ந்தார்கள். தீப்பெட்டிக் கட்டுக்குக் கூலி பேசும் நம் ஊர் முதலாளிமார்களுக்கும் இதில் செய்தியுண்டு. 1961 ஆம் ஆண்டின் பேறுகாலச் சட்டம், பேற்றுக்குப்பின் ஆறு வாரம் பெண்ணை வேலைக்கு வைக்கலாகாது என்றது. 2017 இல் செய்த திருத்தம் ஊதியத்தோடு விடுப்பை 26 வாரமாக்கியது. வீட்டில் அமர்ந்து கட்டுக்கணக்கில் வேலை செய்யும் பெண்ணை இவை எட்டவில்லை.

எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவரையும் ஈண்டு நினைவு கூர்வது பொருந்தும். நம் மண்ணில் பாடிய அப்பெருந்தகை சீறாப்புராணத்தில், நபிகளாருக்குப் பாலூட்டி வளர்த்த ஹலீமா அம்மையாருக்கென்றே ஒரு தனிப் படலம் வகுத்தார். போர்கள் இடம்பெறும் ஒரு பெருங்காப்பியத்தில், பாலூட்டிய ஒரு கிராமத்துப் பெண்ணுக்கும் அத்தனை இடம் கொடுத்தவர் அவர். பாலூட்டுவதற்குக் கூலி கொடுப்பதைத் திருமறையும் வெளிப்படையாகவே பேசுகிறது. இரண்டாம் அத்தியாயத்தின் 233 ஆம் வசனம், பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் கடமை என்கிறது. செவிலித்தாயை அமர்த்தினால் பேசிய கூலியை முறைப்படிக் கொடுக்கச் சொல்கிறது. பால் மறக்கடிப்பதைக்கூடக் கணவனும் மனைவியும் கலந்து பேசி முடிவு செய்யவேண்டும் என்கிறது. மனைவிக்குப் பணிப்பெண் அமர்த்திக் கொடுப்பது எப்போது கணவனின் பொறுப்பாகும் என்று ஃபிக்ஹு நூல்கள் ஜீவனாம்சப் பகுதியில் ஆராய்ந்திருக்கின்றன. வசதியுள்ள சகோதரர்கள் தம் ஊர் ஆலிமிடம் இதனைக் கேட்டுத் தெளிவது நல்லது.

இன்னொரு சான்றும் உண்டு. கி.பி. 1377 இல் இப்னு கல்தூன் எழுதிய முகத்திமா என்னும் நூலில், ஒரு நாட்டுக்கு இன்றியமையாத தொழில்களை வரிசைப்படுத்துகையில் பேறு பார்க்கும் தொழிலுக்கென ஓர் அத்தியாயம் இருக்கிறது. பிறந்தது முதல் பால்குடி மறக்கும் வரையில் பிள்ளைக்கு வரும் நோய்களை, தேர்ந்த மருத்துவனைவிட இப்பெண்களே நன்கறிவர் என்று அவ்வறிஞர் எழுதினார். இவ்வளவு மதிப்புக் கொடுத்த சமுதாயத்தில் பிறந்த நாம், அத்தொழில் செய்தவர்களை எப்படி நடத்தினோம்? கேரளத்து மாப்பிள்ளைமாரிடையே ஒஸ்ஸான் என்ற நாவிதர் குடும்பத்துப் பெண்கள்தாம் பேறு பார்த்தார்கள். அவர்களோடு மணவுறவு கொள்ளமட்டும் மற்றவர் தயங்கினார்கள். தமிழ் ஊர்களிலும் அந்தத் தயக்கம் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா? நம் பிள்ளையை முதலில் ஏந்திய கைக்குச் சபையில் இடம் கொடுக்க மறுத்தால், அத்தொழிலுக்கு அடுத்த தலைமுறையில் யார் வருவார்?

நாற்பது நாளைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே பேசியாக வேண்டும். பேற்று உதிரப்போக்கான நிஃபாஸுக்கு உச்ச வரம்பு ஹனஃபீ மத்ஹபில் நாற்பது நாள். ஷாஃபிஈ மத்ஹபில் அறுபது நாள், வழக்கமாக நாற்பது. குறைந்த அளவு என்று எதுவுமில்லை. முன்னரே நின்றுவிட்டால் குளித்துத் தொழவேண்டியதுதான். இது தொழுகை, நோன்பு, இல்லறம் ஆகியவற்றுக்கான சட்டம். அவள் தொட்ட பாத்திரம் ஆகாது, அவளுக்குத் தனித்தட்டு, காற்றுப் புகாத மூலையில் பாய், தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருக்கும் என்பனவெல்லாம் சட்டத்தில் இல்லை. கரிசல் வெயிலில், பாலூட்டும் ஒரு பெண்ணுக்குத் தண்ணீரை மறுப்பது கொடுமையன்றி வேறென்ன? அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அம்மையார் ஹஜ்ஜத்துல் விதாப் பயணத்தில் துல்ஹுலைஃபாவில் பிள்ளை பெற்றபோது, குளித்து, துணி கட்டிக்கொண்டு, இஹ்ராம் அணிந்து உடன் வருமாறுதான் நபிகளார் (ஸல்) பணித்தார்கள், ஒதுக்கி வைக்கவில்லை. இதே அம்மையாரின் முந்திய கணவர் ஜஅஃபர் (ரலி) மூத்தாப் போரில் ஷஹீதானபோதுதான், அந்த வீட்டாருக்கு உணவு சமைத்து அனுப்புங்கள் என்று நபிகளார் கட்டளையிட்டார்கள். மரண வீட்டுக்கு நாம் உணவு அனுப்பும் வழக்கம் அங்கிருந்து வந்தது.

ஒதுக்கத்துக்கு இடமில்லையாயினும் ஓய்வுக்கு நிறைய இடமுண்டு. நம் வழக்கம் சொன்ன நாற்பது நாளும், சட்டம் சொன்ன ஆறு வாரமும், செவிலியர்கள் வீடு வந்து பார்க்கும் 42 ஆம் நாள் கணக்கும் ஏறத்தாழ ஒன்றாயிருப்பதைக் காண்க. கருப்பை தன் பழைய அளவுக்குச் சுருங்க அத்தனை காலம் பிடிக்கிறது. அதற்குள் குடம் தூக்கினால் பின்னாளில் கருப்பை இறக்கம் ஏற்பட வழியுண்டு. பிள்ளைகளின் மரணத்திலும் முதல் மாதத்தில் நேர்பவற்றில் நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்திலேயே நேர்கின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வாரத்தில் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனை வைப்பது நம்மிடையே இன்னும் முற்றும் ஒழியவில்லை. தஹ்னீக் என்னும் நபிவழி, மென்ற பேரீச்சம்பழத்தைச் சிறிது நாவில் தடவுவதே. தாய்ப்பாலைத் தள்ளிப்போட அது காரணமாகாது. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கவேண்டாம் என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். மருத்துவர் சொல் கேட்பதும் மார்க்கமே.

மனத்தின் நோயைப் பற்றி நம்மவர் பேசக் கூசுகிறார்கள். பேற்றுக்குப்பின் சில நாட்கள் கண்ணீர் வருவது இயல்பு. இரண்டு வாரம் கடந்தும் உறக்கமின்றி, உணவின்றி, பிள்ளையை ஏறெடுத்தும் பாராமல் ஒருத்தி இருந்தாள் என்றால், அல்லது இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னாள் என்றால், அது நோய். மருந்தால் தீரும் நோய். உடனே ஜின் என்கிறோம், தாயத்து என்கிறோம், தர்காவுக்கு அழைத்துச் செல்கிறோம். 2001 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து மாண்டதை நாம் மறக்கலாமா? துஆச் செய்வதை யாரும் தடுக்கவில்லை. துஆவோடு மருத்துவரிடமும் செல்லுங்கள். 2022 முதல் 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கிறது. பெங்களூர் நிமான்ஸில் 2009 முதல், நோயுற்ற தாயைப் பிள்ளையோடு சேர்த்தே வைத்துச் சிகிச்சை செய்யும் தனிப் பிரிவு இயங்கி வருகிறது. தொடக்கத்திலேயே கண்டுகொள்ள, நாள்தோறும் அவள் முகத்தைப் பார்க்கும் ஒருத்தி வேண்டும். கைபேசித் திரையில் பார்க்கும் கணவருக்கு அது எளிதில் தெரியாது.

மேனாடுகளில் இத்தகைய துணைப்பெண்ணுக்கு டூலா என்று பெயர். பணிப்பெண் என்னும் பொருளுடைய அந்தக் கிரேக்கச் சொல்லை, டேனா ரஃபேல் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1973 இல் வெளியிட்ட தாய்ப்பால் பற்றிய நூலில் எடுத்தாண்டார். தாய்க்குத் தாயாயிருக்க ஒருத்தி இல்லாவிடில் பால் சுரப்பதும் தடைப்படும் என்பது அவர் கண்ட செய்தி. நம் பாட்டிமாருக்குத் தெரிந்ததைத்தான் ஆராய்ந்து சொன்னார். நம் பெருநகரங்களிலும் இன்று அந்தப் பெயரில் பணம் வாங்கிக்கொண்டு துணை வருகிறார்கள். அது செல்வர்க்கே கைகூடும். நெதர்லாந்து நாட்டில் ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி ஒவ்வொரு தாயின் வீட்டுக்கும் பயிற்சி பெற்ற பணிப்பெண் ஏறத்தாழ எட்டு நாட்கள் வந்து, தாயையும் பிள்ளையையும் வீட்டையும் கவனிக்கிறாள். செல்வ நாட்டுக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். மராட்டியத்தில் கட்சிரோலி என்ற ஏழை மாவட்டத்தில் டாக்டர் அபய் பாங், டாக்டர் ராணி பாங் தம்பதியர், படிப்புக் குறைந்த கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சியளித்து வீடு வீடாக அனுப்பினார்கள். பிறந்த பிள்ளைகளின் இறப்பு அங்கே 62 விழுக்காடு குறைந்தது என்று 1999 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு உலகத்தையே வியக்கவைத்தது. அந்த ஏழை மாவட்டத்தால் இயன்றது நமக்கு இயலாதா?

ஆகவே நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு ஜமாஅத்தும் இரண்டு அல்லது மூன்று பெண்களைப் பேறுகாலத் துணையாக அமர்த்தி, பைத்துல்மாலிலிருந்து ஊதியம் தரவேண்டும். இலவசச் சேவை என்று ஏழைப் பெண்களின் உழைப்பை வாங்கக்கூடாது. கணக்குப் பார்ப்போம். 2020 ஆம் ஆண்டில் தமிழகத்தில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 14 பிள்ளைகள் பிறந்தன. இருநூறு குடும்பம், எண்ணூறு பேர் உள்ள மஹல்லாவில் ஆண்டுக்குப் பதினொன்று. மாதத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. இதற்கு இரண்டு பெண்கள் போதும். வசதியுள்ள வீட்டார் கூலியை அவர்களே கொடுக்கட்டும். ஏழைத் தாய்க்கு ஸகாத்திலிருந்தும் ஸதகாவிலிருந்தும் கொடுக்கலாம். பிள்ளையின் தலைமுடி எடைக்கு வெள்ளி தர்மம் செய்கிறோமே, அதில் தொடங்கலாம். அகீகா விருந்தில் இரண்டு பந்தியைக் குறைத்தாலே ஒரு வார ஊதியம் மிஞ்சும்.

அவள் வேலை இன்னது என்பதில் தெளிவு வேண்டும். சமைப்பாள், அலசுவாள், பிள்ளையை ஏந்துவாள், மார்பில் பிள்ளையைச் சரியாகப் பொருத்தக் கற்றுத் தருவாள், தாயை உறங்கவைப்பாள், ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு உடன் செல்வாள். மருந்து கொடுக்கமாட்டாள்; பேறு பார்க்கமாட்டாள். துணி நனைந்து வழியும் உதிரப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றம், கண் மங்கும் தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், பால் குடிக்க மறுக்கும் பிள்ளை, தொட்டால் சில்லிடும் பிள்ளை — இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 108 ஐ அழைப்பாள். இதற்கான பயிற்சியை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கேட்டுப் பெறலாம்.

அந்நியப் பெண்ணை வீட்டுக்குள் விடுவதா என்பார் சிலர். மருத்துவச்சி என்றைக்கு வீட்டுப் பெண்ணாயிருந்தாள்? பிறமதச் சகோதரி கிடைத்தால் அமர்த்தலாமா என்பார் சிலர். இந்தக் கரிசலில் நம் பாட்டிமாருக்கு வெந்நீர் ஊற்றிய கைகளின் மதத்தை யார் கேட்டார்? அதேபோல், நம் தெருவில் துணையின்றிக் கிடக்கும் பிறமதத் தாய்க்கும் இந்தப் பெண் செல்லட்டும்; உமர் (ரலி) கூடாரத்தின் வாசலில் முதலில் கேட்டது குலத்தையன்று. மாமியார் இருக்கும்போது கூலிக்காரி எதற்கு என்ற கேள்விக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்லவேண்டும். மாமிமார் பலர் அன்புடையவர்களே. ஆனால் அறுபது வயதில் மூட்டுவலியோடு இரவு கண்விழிக்க அவர்களாலும் இயலாது. வருகிற பெண் மாமிக்கும் சேர்த்துத்தான் துணை.

கோவில்பட்டி போன்ற பெரிய ஊர்களின் ஜமாஅத்துகள் இதனை முதலில் தொடங்கினால், ஒட்டப்பிடாரம் பக்கத்துச் சிற்றூர்களில் தனித்திருக்கும் குடும்பங்களுக்கும் அங்கிருந்தே பெண்களை அனுப்பலாம். ரமளானில் ஸகாத் திரட்டும்போதே, அடுத்த ஆறு மாதங்களில் எந்தெந்த வீடுகளில் பேறு இருக்கிறது என்று பெண்கள் மூலம் கேட்டு ஒரு பதிவேடு எழுதிக்கொள்ளவேண்டும். கணவர் வெளிநாட்டில் உள்ள வீடு, தாயற்ற பெண், இரட்டைப் பிள்ளை, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்கு முதலிடம். வெளியூர் செல்லும் பெண்ணுக்குப் பேருந்துக் கட்டணமும் இராத் தங்கலுக்கான படியும் தனியே ஒதுக்கவேண்டும். கணக்கெழுதும் செயலாளர்கள் பெரும்பாலும் மறப்பது அதைத்தான்.